நாலு இரவு சொகுசுக் கப்பல் போய் வந்தோம், காசுக்குப் பெறுமதியா?

திருவையாறான் (கிளிநொச்சி), ஆகஸ்ட் 24, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். வழமையாக நான் இங்கே மழை, நெல் விலை, ஏ9 பஸ் நேரம் பற்றித்தான் எழுதுவேன். இன்று கப்பல் கதை. நீளமாகப் போகும், தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.

அப்பா அம்மாவின் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு, லண்டனில் இருக்கும் தங்கச்சி சிங்கப்பூரில் இருந்து புறப்படும் ஒரு சொகுசுக் கப்பலில் எங்கள் ஆறு பேருக்கும் இடம் போட்டுத் தந்தாள். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா. பினாங்கு, புக்கெட், திரும்பவும் சிங்கப்பூர். கப்பல் காசு அவளுடையது. விமானச் செலவும் சிங்கப்பூரில் ஓர் இரவும் என் கணக்கு. கம்பனியின் பெயரை எழுதப் போவதில்லை, கேட்க வேண்டாம்.

முதலில் அறை. இரண்டு அறை, இரண்டும் கப்பலின் உள்பக்கம். யன்னல் கிடையாது. கதவைச் சாத்தி விளக்கை நூர்த்தால் முகத்துக்கு நேரே பிடித்த கை தெரியாது. அம்மா அரை மணி நேரம் படுத்திருந்தார். பிறகு எழும்பி, "இது பங்கர் மாதிரிக் கிடக்கு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு குளியலறை விளக்கை எரியவிட்டு, அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துப் படுத்தார். இரண்டாம் இரவு ஆளைக் காணவில்லை. லிஃப்ட் லிஃப்டாகத் தேடிப் போனால், மேல்தளத்தில் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சாய்வுக் கதிரையில் போர்வையும் தானுமாக இருக்கிறார். விடிய நாலு மணி.

அடுத்தது புக்கெட். பிள்ளைகள் இரண்டும் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த இடம். மூன்றாம் நாள் காலை ஒலிபெருக்கியில் கப்டன் கதைக்கிறார்: அலை கூடுதலாக இருக்கிறது, படகில் இறக்குவது பாதுகாப்பில்லை, புக்கெட் ரத்து. மேலே ஓடிப் போய்ப் பார்த்தால் பளீரென்று வெயில். கரை தெரிகிறது. ஹொட்டல்கள் தெரிகின்றன. கப்பல் மெல்லத் திரும்பி வெளியே போகிறது. அன்று முழுக்கக் கடலில்தான். கசினோவும் கடைகளும் திறந்தபடி இருந்தன என்பதையும் சொல்லி வைக்கிறேன். திருப்பித் தந்தது ஆளுக்கு இருபத்துச் சொச்சம் டொலர், துறைமுக வரி என்று.

இனி டிப்ஸ். ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 டொலர், எங்களைக் கேட்காமலே கணக்கில் ஏறுகிறது. ஆறு பேர், நாலு நாள், 384 டொலர். டொலர் முந்நூறு ரூபாய் என்று போட்டாலும் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் அதே 16 டொலர்.

சாப்பாடு ஏராளம். ஆனால் மத்தியானம் பஃபேயில் தட்டோடு நின்ற வரிசை, நிவாரண வரிசை தோற்றுப் போகும். சோறு இருக்கிறது, ஆனால் அது சோறு இல்லை. அம்மா பாணும் பப்பாசிப் பழமுமாகச் சமாளித்தார்.

அப்பாவின் கதை வேறு. எழுபத்தாறு வயது, பள்ளிக்கூடம் விட்ட நாளில் இருந்து வயல். கப்பலின் பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நுரையைப் பார்த்தபடியே நாலு நாளும் நின்றார். வந்ததில் இருந்து சந்திக்கிற ஆட்களுக்கெல்லாம், "உப்பிடி ஒரு பயணம் நான் போனதில்லை" என்று சொல்லித் திரிகிறார். ஒரே அறை, ஒரே கப்பல்.

என் கேள்வி: எல்லோருக்கும் இப்படித்தானா? முறைப்பாடு எழுதினால் ஏதாவது வருமா?


பரந்தன் சந்தி, ஆகஸ்ட் 24, இரவு 9.48

அண்ணை, நாங்கள் சிறுபோக நெல்லை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் வீதியில் காயவிட்டுக் காவல் இருக்கிறோம். நீங்கள் கப்பலில் சோறு சரியில்லை என்கிறீர்கள். முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் இறங்கித் தேங்காய் உடைத்து, ரெண்டு சரை கச்சான் கொட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தால் இந்த ஏமாற்றம் வந்திருக்காது.


தண்ணீரூற்று அக்கா, ஆகஸ்ட் 24, இரவு 10.05

சந்தித் தம்பி, மற்றவர் காசில் போனவன் குறை சொல்லக்கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. ஐம்பது வருடம் குடும்பம் நடத்தின இரண்டு பேர் நாலு நாள் வெளியே போய் வந்ததற்கு உங்களுக்கு ஏன் எரிகிறது? திருவையாறான், அம்மா சாப்பிடாமல் இருந்தாவா? அதைச் சொல்லுங்கள் முதலில்.


திருவையாறான், ஆகஸ்ட் 24, இரவு 10.20

சந்தி சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை, எங்கள் வீட்டு முற்றத்திலும் நெல் காய்கிறது. அக்கா, அம்மா பினாங்கில் நன்றாகச் சாப்பிட்டார். அங்கே கப்பல் ஜெட்டியிலேயே கட்டியது, நடந்தே இறங்கினோம். கொஞ்சத் தூரத்தில் குட்டி இந்தியா, அங்கே குயின் வீதியில் மாரியம்மன் கோவில், 1833இல் கட்டியது என்றார்கள். கோவில் வாசலில் பூ விற்ற ஒரு அம்மா "எந்த ஊர்" என்று கேட்டதற்கு எங்கள் அம்மா "வன்னி" என்று சொன்னார். அவருக்கு விளங்கவில்லை. "கிளிநொச்சி" என்றார். அதுவும் விளங்கவில்லை. கடைசியில் "சிலோன்" என்றதும் மனிசி கையைப் பிடித்துக்கொண்டது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையைக் காட்டிவிட்டதும் அவர்தான்.


முள்ளியவளையான் (ரொறொன்ரோ), ஆகஸ்ட் 25, அதிகாலை 3.31

நான் இதுவரை ஏழு கப்பல் போயிருக்கிறேன், பெரும்பாலும் கரிபியன் பக்கம். மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நீங்கள் கப்பலை பஸ் என்று நினைத்து ஏறியிருக்கிறீர்கள், புக்கெட்டுக்குப் போகிற பஸ். கப்பல் விடுமுறையில் கப்பல்தான் ஊர், இறங்கும் இடங்கள் சும்மா மேலதிகம். நான் இரண்டு துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கவே இல்லை. எல்லோரும் இறங்கிப் போன பிறகு நீச்சல் குளம் எங்களுக்கு மட்டும்.

உண்மையான ஏமாற்றம் என்றால் 2013 பெப்ரவரியில் கார்னிவல் ட்ரையம்ப் கப்பலில் போனவர்களைக் கேட்க வேண்டும். மெக்சிக்கோ வளைகுடாவில் இயந்திர அறையில் தீ. மின்சாரம் போய், கழிப்பறை வேலை செய்யாமல், பயணிகளும் பணியாளர்களுமாக 4,200க்கு மேற்பட்டோர் நாட்கணக்கில் மிதந்தார்கள். இழுவைப் படகுகள் அலபாமாவில் மொபைல் துறைமுகத்துக்கு இழுத்து வந்தன. அதிலும் பாருங்கள், இறங்கியவர்களில் சிலர் பணியாளர்களைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார்கள், சிலர் நேரே வழக்கறிஞரிடம் போனார்கள்.

யன்னல் இல்லாத அறை பற்றி மட்டும் உங்களோடு ஒத்துப் போகிறேன். நானும் ஒருமுறைதான் எடுத்தேன், பிறகு இல்லை.


பண்டாரிகுளம் முகவர் (வவுனியா), ஆகஸ்ட் 25, காலை 8.15

டிக்கெட் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் முறைப்பாட்டுக் கேள்விக்கு மட்டும் பதில்.

காசு கட்டும்போது "ஏற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு கட்டத்தை அமத்தியிருப்பீர்கள், அல்லது தங்கச்சி அமத்தியிருப்பார். அதுதான் பயண ஒப்பந்தம். காலநிலை, பாதுகாப்பு போன்ற காரணத்துக்காகக் கப்டன் எந்தத் துறைமுகத்தையும் விடலாம், மாற்றலாம், நேரத்தைக் குறைக்கலாம் என்று அதில் இருக்கும். எல்லாக் கம்பனியிலும் கிட்டத்தட்ட இதே வசனம்தான். அதனால்தான் துறைமுக வரி மட்டும் திரும்பி வந்தது. ட்ரையம்ப் கதைக்குப் பிறகு, 2013இல், கப்பல் கம்பனிகளின் சர்வதேசச் சங்கம் பயணிகள் உரிமை என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. இயந்திரக் கோளாறால் பயணம் ரத்தானால் முழுக்காசு, பாதியில் நின்றால் பகுதிக்காசு என்கிறது. அலைக்கு அதில் இடமில்லை. கப்பலுக்குள் கம்பனியிடம் வாங்கிய கரைச் சுற்றுலா இருந்தால் அது முழுதாகத் திரும்ப வரும், பாருங்கள்.

காப்புறுதி எடுத்திருந்தால் அதில் துறைமுகம் விடுபட்டதற்கு ஏதாவது இருக்கிறதா என்று வாசியுங்கள். சிலதில் இருக்கும். எங்கள் ஆட்கள் எடுப்பது விசாவுக்குக் காட்டுகிற ஆகக் குறைந்த காப்புறுதி, அதில் இருக்காது.

இன்னொன்று. விளம்பரத்தில் போடுவது அறையின் விலை மட்டும். வரி, டிப்ஸ், வைஃபை, சோடா, படம் பிடித்த காசு எல்லாம் பிறகு வரும். நான் ஆட்களுக்குச் சொல்வது, போட்டிருக்கிற விலையில் பாதியைக் கையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று. சொன்னால் வேறு முகவரிடம் போய்விடுகிறார்கள்.


நாயாற்று வள்ளம் (முல்லைத்தீவு), ஆகஸ்ட் 25, முற்பகல் 11.40

இப்போதுதான் கரைக்கு வந்தேன். தம்பி திருவையாறான், புக்கெட்டில் கப்பல் எந்தப் பக்கம் நின்றது? மேற்குப் பக்கமா, கிழக்குப் பக்கமா?


திருவையாறான், ஆகஸ்ட் 25, பிற்பகல் 12.30

பட்டோங் என்ற கடற்கரைக்கு முன்னால். போன் வரைபடத்தில் பார்க்கிறேன்... மேற்குப் பக்கம், அண்ணை.


நாயாற்று வள்ளம், ஆகஸ்ட் 25, பிற்பகல் 12.52

அப்போ சரி. ஆவணி மாதம், சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று. சோழகத்தில் மேற்குப் பார்த்த கரை எல்லாம் அடிக்கும். மன்னார் பக்கம் அடிக்கும், நீர்கொழும்பு அடிக்கும், அந்தமான் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தாய்லாந்துக் கரையும் அடிக்கத்தான் வேண்டும். எங்கள் முல்லைத்தீவுக் கரைக்கு இதுதான் நல்ல காலம், ஏனென்றால் எங்களுக்குக் காற்று கரையில் இருந்து கடலுக்குப் போகிறது. கார்த்திகை, மார்கழியில் வாடை, வடகிழக்குக் காற்று, வந்தால் நிலைமை தலைகீழ். அப்போது நாங்கள் வலை பொத்திக்கொண்டு கரையில் இருப்போம்.

வெயில் எறித்தது என்கிறீர்கள். வெயிலுக்கும் அலைக்கும் சம்பந்தமில்லை. எங்கேயோ நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் அடித்த காற்றின் அலை ஓடி வந்து கரையில் முறியும். அங்கே நிற்கிற உங்களுக்கு ஒரு காற்றும் தெரியாது. பெரிய கப்பல் அசையாது, அதனால் கப்பலில் நிற்கிறவனுக்கு அலை தெரியாது. பக்கத்தில் சின்னப் படகு வந்து நின்றால்தான் தெரியும். படகு ஏறி இறங்கும், கப்பல் அப்படியே நிற்கும். அந்த இடைவெளியில்தான் ஆட்களின் கால் முறிகிறது. அந்தக் கப்டன் கசினோவுக்காகத் திருப்பினான் என்று நான் நம்பமாட்டேன். உங்கள் அப்பா அம்மாவை அன்று அந்தப் படகில் இறக்கியிருந்தால்தான் நான் பேசியிருப்பேன்.

பிழை எங்கே என்றால், ஆவணியில் அந்தக் கரைக்குப் போகிறோம் என்று விற்றவனிடம். கடல் தெரிந்த எந்த நாயாற்றுப் பொடியனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்.

(பரந்தன் சந்திக்கு: இங்கே கச்சான் என்றால் காற்றும்தான். கொட்டையை மட்டும் நினைக்க வேண்டாம்.)


பண்டாரிகுளம் முகவர், ஆகஸ்ட் 25, பிற்பகல் 1.10

அண்ணை சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆவணி எங்கள் பள்ளி விடுமுறை, அதனால்தான் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். சிங்கப்பூரில் இருந்து புறப்படும் கப்பல்களை வருடம் முழுக்க விற்கிறார்கள். புக்கெட்டின் அந்தப் பக்கத்தில் பெரிய கப்பல்கள் கரைக்குக் கிட்டப் போவதில்லை. தூரத்தில் நங்கூரம் போட்டு, ஆட்களைச் சின்னப் படகில் இறக்குவார்கள். 'டெண்டர்' என்பார்கள். பயண அட்டவணையில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் அந்தச் சொல் இருந்தால், அந்த இடம் கிடைத்தால் கிடைத்ததுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். என் வாடிக்கையாளருக்கு இதை நானும் சொன்னதில்லை, உண்மையைச் சொல்வதென்றால்.


ஒட்டுசுட்டான் வாசகி, ஆகஸ்ட் 25, மாலை 6.22

அப்போ நானும் டெண்டரில் போயிருக்கிறேன்.

2009 பங்குனி, கடைசிச் சண்டை நேரம், புதுமாத்தளன். செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல், 'கிறீன் ஓஷன்' என்று பெயர். தூரத்தில் நின்றது. காயக்காரரை மீன்பிடிப் படகுகளில் ஏற்றிக் கொண்டுபோய் அதில் ஏற்றினார்கள். தம்பிக்கு வயிற்றில் காயம், நான் கூடப் போனேன். புல்மோட்டையில் இறக்கினார்கள், இந்திய வைத்தியர்கள் இருந்தார்கள். தம்பி இருக்கிறான், இப்போது மாங்குளத்தில் கடை வைத்திருக்கிறான்.

கப்பல் என்றால் எனக்கு அதுதான். அதன் தளத்தில் எங்களுக்கு ஒரு போத்தல் தண்ணீர் தந்தார்கள். அதைவிட நல்ல சாப்பாடு இனி ஒரு கப்பலிலும் கிடைக்காது. குறை சொல்வதற்காக எழுதவில்லை, திருவையாறான். அம்மா அறையில் படுக்காததை வாசித்ததும் எழுதத் தோன்றியது. அவரை ஒன்றும் கேட்க வேண்டாம், அப்படியே விடுங்கள்.


மட்டுறுத்துநர், ஆகஸ்ட் 25, இரவு 8.00

கம்பனிப் பெயரோடு வந்த இரண்டு பதில்களை எடுத்துவிட்டேன். பெயர் வேண்டாம். மற்றபடி தொடருங்கள்.


ஈஸ்ட்ஹாம் கிளி (லண்டன்), ஆகஸ்ட் 26, அதிகாலை 4.47

அண்ணா, இந்தத் தளத்தை நானும் வாசிக்கிறேன் என்பது உங்களுக்கு மறந்து போய்விட்டது போல.

வேலை முடிந்து பஸ்ஸில் வாசித்தேன். நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. அம்மாவுடன் ஐந்து தடவை வட்ஸ்அப்பில் கதைத்திருக்கிறேன். "நல்லா இருந்தது பிள்ளை, கடல் வடிவு" என்று மட்டும்தான் சொன்னா. நீங்களும் படம் படமாக அனுப்பினீர்கள், எல்லாவற்றிலும் எல்லோரும் சிரிக்கிறீர்கள். அந்நியர் முந்நூறு பேர் வாசித்த பிறகு நான் வாசிக்கிறேன்.

யன்னல் அறைக்கு இரண்டுக்கும் சேர்த்து நானூறு பவுண் கூடக் கேட்டார்கள். எனக்கு அது முதியோர் இல்லத்தில் நாலு இரவு வேலை. படுக்கத்தானே அறை, பகல் முழுக்க வெளியேதானே நிற்பார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் யோசித்தேன்.

நான் 2005இல் வெளிக்கிட்டவள். எனக்குத் தெரிந்த பங்கர் பள்ளிக்கூட வளவில் வெட்டி வைத்த குழி. கிபிர் குண்டுவீச்சு விமானத்தின் சத்தம் கேட்டால் குதிப்போம், போனதும் ஏறி மண்ணைத் தட்டிவிட்டுப் பாடத்துக்குப் போவோம். சிரிப்பும் விளையாட்டுமாகக்கூட இருக்கும். அம்மா நாட்கணக்காக உள்ளே இருந்தது நான் இல்லாத காலம். அதைப் பற்றி வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

டிப்ஸ் காசை அனுப்புகிறேன். கணக்கு எழுதியிருக்கிறீர்களே, 384.


திருவையாறான், ஆகஸ்ட் 26, காலை 6.30

தங்கச்சி, போன் எடு. மூன்று தடவை எடுத்துவிட்டேன்.


தண்ணீரூற்று அக்கா, ஆகஸ்ட் 26, காலை 7.15

சரி, அண்ணன் தங்கச்சி கதைக்கட்டும். நாங்கள் வேறு ஏதாவது கதைப்போம். யாருக்காவது கப்பலில் வேலை செய்த அனுபவம் இருக்கிறதா? அந்த டிப்ஸ் உண்மையாகவே வேலை செய்கிறவர்களுக்குப் போகிறதா?


கள்ளப்பாடு பொடியன் (இப்போது கடலில்), ஆகஸ்ட் 26, மாலை 5.55

அக்கா, நான் இருக்கிறேன். வேறு கம்பனி, வேறு கடல். சாப்பாட்டு மண்டபத்தில் வேலை. எட்டு மாத ஒப்பந்தம், ஆறாவது மாதம் ஓடுகிறது. வைஃபைக்கு நாங்களும் காசு கட்டுகிறோம், அதனால் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன்.

டிப்ஸ்: எங்கள் கப்பலில் அது ஒரு பொதுக் கணக்கில் சேர்ந்து, அறை துப்புரவாக்குபவர், சாப்பாடு பரிமாறுபவர் என்று பிரிகிறது. எங்கள் சம்பளத்தில் பெரும்பங்கு அதுதான். அடிப்படைச் சம்பளம் மட்டும் என்றால் யாரும் வரமாட்டார்கள். வரவேற்பில் போய்ச் சொன்னால் அதை எடுத்துவிடலாம், பலர் எடுக்கிறார்கள், கடைசி இரவு அந்த வரிசையைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரியும். ஆனால் கம்பனி எங்கள் சம்பளத்தைப் பயணி தலையில் கட்டியிருக்கிறது என்று நீங்கள் கோபப்பட்டால், அந்தக் கோபம் சரி. நானும் அதைத்தான் சொல்வேன்.

யன்னல்: எனக்கும் இல்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, இந்தோனேசியப் பொடியன் ஒருவனோடு ஓர் அறை. ஆறு மாதமாக நான் விடிவதைப் பார்த்தது இருபது நாள் இருக்கும்.

புக்கெட் போல ஒரு துறைமுகம் விடுபட்டால் அன்று எங்களுக்கு இரண்டு மடங்கு வேலை. எல்லோரும் கப்பலில்தான், எல்லோரும் ஒரே நேரத்தில் பசியோடு, எல்லோரும் கோபத்தோடு. கப்டனைத் திட்ட முடியாது, கடலைத் திட்ட முடியாது, அதனால் கோப்பி ஆறிப் போச்சு என்று எங்களைத் திட்டுவார்கள். கடைசி நாள் மின்னஞ்சலில் கருத்துக் கேட்பார்கள் அல்லவா, தயவுசெய்து அதில் அலைக்கான புள்ளியை எங்களுக்குக் குறைத்துப் போடாதீர்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கு எங்களைக் கூப்பிடும்போது அதையும் பார்க்கிறார்கள்.

மூன்று வருடத்தில் நான் கண்டது, ஒரே மேசையில் இருக்கிற நாலு பேர் நாலு கப்பலில் வந்திருப்பார்கள். பிள்ளைகள் ஐஸ்கிரீம் கப்பலில். அப்பா பில் கப்பலில். அதிகம் முறைப்பாடு செய்வது காசு கூடக் கொடுத்தவர்கள் இல்லை. நீண்ட நாள் காசு சேர்த்து வந்தவர்கள்தான். அவர்களுக்கு ஒரு நாளும் வீணாகக்கூடாது.


முள்ளியவளையான், ஆகஸ்ட் 26, இரவு 7.40

தம்பி, வாசித்துவிட்டு மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். ஏழு கப்பலில் இரண்டில் நான் டிப்ஸை எடுத்திருக்கிறேன். இனி இல்லை.


பரந்தன் சந்தி, ஆகஸ்ட் 26, இரவு 8.12

நான் முதலில் எழுதியதை அழிக்கப் போவதில்லை, நெல் இன்னும் வீதியில்தான். ஆனால் ஈஸ்ட்ஹாம் அக்கா, நீங்கள் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். எங்கள் அண்ணன் பிரான்சில் இருந்து அனுப்பிய குளிர்சாதனப் பெட்டியை அம்மா மூன்று வருடமாக அலுமாரியாகப் பாவிக்கிறா. அவனுக்குச் சொல்லவில்லை.

கள்ளப்பாட்டு நண்பருக்கு ஒரு கேள்வி. ஆயிரக்கணக்கான பேர் குளிக்கிற தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள்? இங்கே ஒரு பவுசர் தண்ணீருக்கே சண்டை.


திருவையாறான், ஆகஸ்ட் 26, இரவு 8.30

இதே கேள்வியைத்தான் அப்பா கப்பலில் எல்லோரிடமும் கேட்டார்! தமிழில். யாருக்கும் விளங்கவில்லை. ஏறிய அன்றே, கப்பல் வெளிக்கிட முன்னம், எல்லோரையும் கூட்டி உயிர்காப்பு அங்கி போடக் காட்டினார்கள். அப்பா அந்த அலுவலரைப் பிடித்துக்கொண்டு குழாயையும் கடலையும் கையால் காட்டுகிறார். அவர் "யெஸ் யெஸ்" என்று இன்னொரு அங்கியைக் கொடுத்தார்.


கள்ளப்பாடு பொடியன், ஆகஸ்ட் 27, காலை 6.05

ஐயாவுக்குச் சொல்லுங்கள்: பெரும்பகுதி கடல் தண்ணீர்தான். இயந்திரச் சூட்டில் ஆவியாக்கி எடுப்பது ஒரு வழி. மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிப்பது மற்ற வழி, யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணீர் எடுக்கத் தாளையடியில் செய்கிறார்களே, அதே முறை. துறைமுகத்தில் நிற்கும்போதும் கொஞ்சம் ஏற்றுவார்கள்.

அந்த அங்கிப் பயிற்சி சும்மா இல்லை, அண்ணை. 2012இல் இத்தாலியில் கோஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்றைக்கு ஏறிய சனங்களுக்குப் பயிற்சி இன்னும் கொடுத்திருக்கவில்லை. அப்போது 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால் போதும் என்று இருந்தது. 2015இல் இருந்து புறப்பட முன்னம் அல்லது புறப்பட்ட உடனே கொடுத்தாக வேண்டும். மற்றப் பயணிகள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஐயா கேள்வி கேட்டிருக்கிறார், அதுவே பெரிய விஷயம்.


திருவையாறான், ஆகஸ்ட் 27, இரவு 9.25

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "கடல் தண்ணியைக் குடிக்கலாமெண்டால் யாழ்ப்பாணத்துக்கு எங்கட இரணைமடுக் குளத்துத் தண்ணி என்னத்துக்கு?" என்றார். நான் அந்த விவாதத்துக்குப் போகவில்லை. இங்கேயும் யாரும் தொடங்க வேண்டாம்.

தங்கச்சியோடு நேற்று இரவு இரண்டு மணி நேரம் கதைத்தோம். அம்மாவும் இருந்தார். முதலில் எனக்குத்தான் ஏச்சு, "அவளுக்கு ஏன் சொன்னனீ" என்று. நான் சொல்லவில்லை, ஊருக்கே எழுதினேன், அது இன்னும் மோசம். பிறகு அம்மா தானாகவே தங்கச்சிக்குச் சொன்னார். மாத்தளனில் எத்தனை நாள், யார் யார் பக்கத்தில் இருந்தது, மழை பெய்து உள்ளே தண்ணீர் வந்தது. எனக்குத் தெரிந்த கதைதான், நானும் அதற்குள் இருந்தவன். ஆனால் அம்மா சொல்லிக் கேட்டது எனக்கும் முதல் தடவை. தங்கச்சி அந்தப் பக்கம் ஒன்றும் கதைக்கவில்லை, பஸ் சத்தம் மட்டும் கேட்டது.

மேல்தளத்தில் படுத்தது பற்றியும் கேட்டேன். ஒட்டுசுட்டான் வாசகி கேட்க வேண்டாம் என்றீர்கள், மன்னியுங்கள், கேட்டுவிட்டேன். அங்கே ஒரு பிலிப்பீன்ஸ் பொடியன் இரவில் தளம் கழுவிக்கொண்டு இருந்தானாம். முதல் நாள் ஒரு போர்வையும் அடுத்த நாள் சூடாகப் பாலும் கொண்டு வந்து கொடுத்தானாம். "நல்ல பிள்ளை, தாய் தகப்பனை விட்டிட்டு வந்து நிக்கிறான்" என்றார். நாலு நாளில் அம்மா பெயர் சொல்லி ஞாபகம் வைத்திருப்பது அவனை மட்டும்தான். அந்த 384இல் அவனுக்கு எவ்வளவு போனது என்று தெரியவில்லை.

முறைப்பாடு எழுதவில்லை. கருத்துக் கேட்ட மின்னஞ்சலில் அவன் பெயரை எழுதி அனுப்பினேன். முகவர் அண்ணை, கரைச் சுற்றுலாக் காசு வந்துவிட்டது, நன்றி. புக்கெட்டுக்காகப் பிள்ளைகள் இன்னும் என்னுடன் கோபம்.


நாயாற்று வள்ளம், ஆகஸ்ட் 28, முற்பகல் 10.50

பிள்ளைகளுக்குக் கடலில் இறங்கத்தானே ஆசை. எல்லோரையும் கூட்டிக்கொண்டு இங்கே வாங்கோ. இப்போது கடல் குளம் மாதிரிக் கிடக்கிறது. ஐப்பசி பிறந்தால் என்னைக் கேட்க வேண்டாம். ஐயாவைப் போட்டில் கொண்டுபோய்க் காட்டுகிறேன். சோறு என் மனிசி சமைக்கும், அது சோறுதான்.


திருவையாறான், ஆகஸ்ட் 28, மாலை 7.15

ஞாயிறு வருகிறோம் அண்ணை, ஆறு பேர். அப்பா இப்போதே சாரத்தை மடித்து வைத்துவிட்டார். அம்மா கேட்கச் சொன்னார், உங்கள் போட்டில் யன்னல் இருக்கிறதா என்று.


நாயாற்று வள்ளம், ஆகஸ்ட் 28, இரவு 7.31

போட் முழுக்க யன்னல்தான் என்று சொல்லுங்கோ. விடிய ஐந்து மணிக்கு வாடியில் நிற்க வேண்டும். பிந்தினால் நானும் கப்பல்காரன் மாதிரித்தான், விட்டிட்டுப் போய்விடுவேன்.